பழந்தமிழ் இலக்கியம் படிக்கத் தொடங்கும் மலையக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்டனைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தர வகுப்புக்கு வரும் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்த ஆண்டுகளில், முதலாம் தவணை தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே நான் எதிர்கொண்டேன். வகுப்பில் வாய்மொழியாகச் சொன்ன மறுமொழிகளைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். பரீட்சைக்குப் படிப்போரை மனத்தில் வைத்து எழுதியவைதான். எனினும் பரீட்சை எழுதும் நோக்கம் இல்லாமல், தமக்காகவே படிக்க விரும்பும் பெரியவர்களும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

பழைய இலக்கியம், இடைக்கால இலக்கியம் என்று எவற்றைச் சொல்கிறோம்?

எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சங்க இலக்கியம். அவற்றை அடுத்துத் திருக்குறள், நாலடியார் முதலிய பதினெண்கீழ்க்கணக்கு நூல்களும், சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய காப்பியங்களும் வருகின்றன. இலங்கையில் எழுதப்பட்ட இலக்கிய வரலாறுகள் இந்தப் பகுதியைச் சங்கமருவிய காலம் என்று குறிப்பிடுவது வழக்கம். அதன்பின் பல்லவர் காலத்துப் பத்திப் பாடல்கள், சோழர் காலத்துப் பெருங்காப்பியங்கள், நாயக்கர் காலத்துச் சிற்றிலக்கியங்கள் என வரிசை நீள்கிறது. அரச மரபுகளின் பெயரால் காலத்தைப் பிரிப்பது வசதிக்காகவே. ஒரு நூல் எந்தக் காலத்தில் எழுந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ள இடங்கள் பல. கம்பரையே 9ஆம் நூற்றாண்டினர் என்பாரும் 12ஆம் நூற்றாண்டினர் என்பாரும் உண்டு.

எந்த நூலிலிருந்து தொடங்க வேண்டும்?

குறுந்தொகையிலிருந்து. தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவதே முறை என்று சிலர் கூறுவர். முதலில் இலக்கணம், பிறகு இலக்கியம் என்ற அந்த ஒழுங்கு கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். நானும் கற்பிக்க வந்த முதல் ஆண்டில் அப்படித்தான் செய்தேன். மாணவர்கள் வரைவிலக்கணங்களை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார்கள், ஆனால் புதிய பாடல் ஒன்றைக் கையில் கொடுத்தபோது ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. தவறு என்னுடையதே. கலைச்சொல் என்பது பாட்டில் நாம் ஏற்கெனவே கண்டுவிட்ட ஒன்றுக்கு இடப்படும் பெயர்; காணாத ஒன்றின் பெயரை மனனம் செய்து என்ன பயன்?

குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் அடங்குபவை. ஒரே அமர்வில் ஒரு பாட்டை முழுமையாகப் படித்து முடிக்கலாம். தேவகுலத்தார் பாடிய 3ஆம் பாட்டைப் பாருங்கள்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழம் காண்பதற்கு அரியது என்று மூன்று அளவுகள் வரிசையாக வருகின்றன. அகலம், உயரம், ஆழம் என எல்லாத் திசைகளிலும் பெரிதாகிக்கொண்டே போகும் அந்தப் பொருள் எது என்பதைப் பாட்டு உடனே சொல்லிவிடுவதில்லை. மலைச்சாரல், கரிய காம்புடைய குறிஞ்சி, அதன் பூவில் தேனெடுத்துப் பெரிய கூடு கட்டும் தேனீ ஆகியவற்றைக் கடந்து, கடைசிச் சொல்லாக ‘நட்பே’ என்பது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதலில் உலகளவு, அடுத்து ஒரு பூவளவு, முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறவு. இவ்வளவையும் ஒரு கலைச்சொல் கூடத் தெரியாமலே நாம் கண்டுகொண்டோம்.

திணை, துறை, கூற்று ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு? எப்போதும் குழப்பமாக இருக்கிறதே.

மேலே உள்ள பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் திணை குறிஞ்சி: அதாவது நிலமும் பொழுதும் அவற்றுக்குரிய உணர்வும் சேர்ந்த பெரும் பிரிவு. கூற்று தலைவி கூற்று: பேசுபவர் யார் என்பதை அது சொல்கிறது. துறை என்பது எந்தச் சூழ்நிலையில், யாரிடம், எதற்காகப் பேசப்பட்டது என்பது. இந்தப் பாட்டின் பழைய குறிப்பின்படி, தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் விரைந்து மணம் முடிக்க வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைக் குறைகூறுகிறாள். தலைவி அதனை மறுத்து அவனைப் பெருமைப்படுத்திப் பேசுகிறாள். துறையை அறிந்தபின் பாட்டை மறுபடி படித்தால் அதன் தொனியே மாறிவிடும். வெறும் காதல் வருணனையாகத் தோன்றியது, ஒளிந்து கேட்கும் ஒருவனின் காதில் விழுவதற்கென்றே சொல்லப்பட்ட பேச்சாகிவிடுகிறது.

அகத்துக்கும் புறத்துக்கும் திணை, துறை உண்டு. அகப்பாட்டில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. புறப்பாட்டில் மன்னன், வள்ளல் ஆகியோரின் பெயர் வெளிப்படையாக வரும்.

நாங்கள் மலையில் வாழ்கிறோம். ஆகவே எங்கள் நிலம் குறிஞ்சி என்று எழுதலாமா?

மேடைப் பேச்சில் சொல்லலாம். விடைத்தாளில் எழுதுமுன் யோசியுங்கள். தொல்காப்பியம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும்: குறிஞ்சிக்கு மலையும் மலைசார்ந்த இடமும் நிலம், கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. கருப்பொருள் அந்நிலத்துத் தெய்வம், மக்கள், விலங்கு, பறவை, மரம், உணவு முதலியவை: முருகன், குறவர், யானை, கிளி, வேங்கை, தினை. உரிப்பொருள் புணர்தலும் அதன் நிமித்தமும்.

இந்தப் பட்டியலில் தேயிலைக்கு இடமில்லை; இருக்கவும் முடியாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். சங்கப் பாட்டின் மலையில் பெண்கள் தினைப்புனத்தில் பரண்மீது நின்று கிளி கடிவார்கள், விளைச்சல் அவர்களுடையது. நம் மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பார்கள், விளைச்சல் தோட்டத்துடையது. நிலத்தோற்றம் ஒத்திருப்பதாலேயே வாழ்க்கை ஒத்துவிடாது.

இதில் இன்னொன்றும் உண்டு. திணையில் தலையாயது உரிப்பொருளே. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் வந்து இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பசியிலும் நோயிலும் பலரை வழியிலேயே பறிகொடுத்த நம் முன்னோரின் வரலாற்றுக்கு எந்தத் திணை பொருந்தும் என்று கேட்டால், நான் பாலை என்றுதான் சொல்வேன். பாலையின் உரிப்பொருள் பிரிதல். சுரம் கடந்து போதலும் ஊரில் இருப்போர் ஏங்குதலும் அதன் காட்சிகள். பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் முறைமையிற் திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். இது என் கருத்து. பாடநூலில் தேட வேண்டாம்.

குறிஞ்சிப்பூவை நாங்கள் இங்கே பார்க்க முடியுமா?

அதன் உறவினத்தைப் பார்க்கலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வதாக அறியப்பட்ட நீலக்குறிஞ்சி தென்னிந்திய மலைகளுக்குரியது. ஹோர்ட்டன் சமவெளியை அண்டிய காடுகளில், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒருசேரப் பூத்து மடியும் செடிகள், சிங்களத்தில் நெலு எனப்படுபவை, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள். பூக்கும் பருவத்தில் தேனீக்கள் அவற்றை மொய்ப்பதைப் பார்த்தவருக்கு ‘பெருந்தேன் இழைக்கும்’ என்ற தொடருக்கு உரை வேண்டியதில்லை.

மூலத்தை முதலில் படிப்பதா, உரையை முதலில் படிப்பதா?

மூலத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு சந்தி பிரித்து எழுதுங்கள். அதன் பின்னரே உரைக்குப் போங்கள். பழந்தமிழ் கடினமாகத் தோன்றுவதற்குச் சொற்களின் பழமை பாதிக் காரணம். சொற்கள் ஒட்டி அச்சாகியிருப்பது மற்றப் பாதி. ‘ஆரளவின்றே’ என்பதை ஆர், அளவு, இன்று, ஏ எனப் பிரித்துவிட்டால் ‘ஆர்’ ஒன்றே அறியாத சொல்லாக எஞ்சும். அருமை என்பதன் திரிபே அது. இங்கே ‘இன்று’ என்பது ‘இந்த நாள்’ என்றோ ‘இல்லை’ என்றோ பொருள்படாது, ‘உடையது’ என்று பொருள்படும் என்பதை உரை சொல்லித்தரும். உரையின் பயன் இத்தகைய இடங்களில்தான்.

உரைகாரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். இளம்பூரணர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார், பரிமேலழகர் ஆகியோர் தாமே தேர்ந்த வாசகர்கள். ஒரு குறளுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருளும் மணக்குடவர் சொல்லும் பொருளும் வேறுபடும் இடத்தை வகுப்பில் எடுத்துவைத்து, எது சரியென்று மாணவர்களை வாதாட விட்டால், அன்றைய பாடம் மணி அடித்தபின்னும் முடியாது.

உவமை தெரியும். உள்ளுறை உவமம் என்பது என்ன?

உவமையில் இரண்டு பக்கமும் சொல்லப்படும்: முத்துப்போன்ற பல். உள்ளுறையில் ஒரு பக்கம் மட்டுமே சொல்லப்படும். மற்றப் பக்கம் கருப்பொருளுக்குள் மறைந்திருக்கும்.

குறுந்தொகை 8ஆம் பாட்டில், ஆலங்குடி வங்கனார், ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்கிறார். வயலோரத்து மாமரத்தில் கனிந்து தானே விழும் இனிய பழத்தைப் பொய்கையிலுள்ள வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரை உடையவன் தலைவன். மேலோட்டமாகப் பார்த்தால் ஊர் வருணனை. பேசுகிறவள் அவனோடு பழகிய பரத்தை என்பதையும், அவள் தன்னைப் பழித்த மனைவியின் தரப்பினர் காதில் விழும்படி பேசுகிறாள் என்பதையும் அறிந்தபின், அந்த மீன் யார் என்று நமக்கே தெரிந்துவிடும். மரம் ஏறவில்லை, கல் எறியவில்லை. வாயைத் திறந்தான், பழம் விழுந்தது. அதே பாட்டின் முடிவில், எங்கள் வீட்டில் பெரும்பேச்சுப் பேசியவன் தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்வான் என்று அவள் கேலி செய்கிறாள். இது வெளிப்படையான உவமை. ஒரே பாட்டில் மறைந்ததும் வெளிப்பட்டதும் அடுத்தடுத்து இருப்பதால், வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல பாட்டை நான் அறியேன்.

உள்ளுறையும் இறைச்சியும் ஒன்றா என்று கேட்போருக்கு: இரண்டும் கருப்பொருளிலிருந்தே பிறக்கும். உள்ளுறையில் மீன் தலைவன், பழம் பெண் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். இறைச்சியில் அப்படிப் பொருத்த முடியாது. காட்சி வேறொரு குறிப்பை எழுப்பும், அவ்வளவுதான். தொடக்கத்தில் இந்த அளவு போதும்.

அணிகள் எத்தனை? எல்லாவற்றையும் மனனம் செய்ய வேண்டுமா?

தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக வகுக்கிறது. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, பிறிதுமொழிதல், வஞ்சப்புகழ்ச்சி, சிலேடை ஆகியவற்றை எடுத்துக்காட்டோடு அறிந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது.

தற்குறிப்பேற்றத்துக்கு எடுத்துக்காட்டு: கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோவடிகள் அந்தக் கொடிகள் ‘வாரல்’, அதாவது வராதே என்று கைகாட்டுவது போல் இருந்ததாகச் சொல்கிறார். காற்றில் கொடி அசைவது இயற்கை. அதன்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிவிட்டார். கதை தெரிந்த வாசகருக்கு அந்தக் கொடியசைவு நெஞ்சை என்னவோ செய்யும்.

வஞ்சப்புகழ்ச்சிக்கு ஔவையார். அதியமானுக்காகத் தூது சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். புறநானூறு 95இல் ஔவையார், இங்குள்ள படைக்கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டுக் காவலுடைய மனையில் இருக்கின்றன; அங்கே என் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போன்ற பழிப்பும், பழிப்பது போன்ற புகழும் ஒரே மூச்சில்.

அசை பிரிப்பது வரவே மாட்டேன் என்கிறது. எளிய வழி உண்டா?

உண்டு, ஆனால் முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். குறில் தனித்தோ ஒற்றடுத்தோ வந்தாலும், நெடில் தனித்தோ ஒற்றடுத்தோ வந்தாலும் நேரசை. இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, அவை ஒற்றடுத்தோ வந்தால் நிரையசை. நிரை என்றால் வரிசை. தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவருக்கு ஒதுக்கப்படும் வரிசையையும் நிரை என்றுதான் சொல்கிறோம். அம்மா காலையில் எந்த நிரையில் நின்றார் என்று கேட்டுவிட்டு அசைபிரிக்கத் தொடங்கினால், வகுப்பில் சிரிப்பு எழும். பிறகு அந்தச் சொல் மறப்பதில்லை.

ஈரசைச் சீரின் வாய்பாடுகள் நான்கு: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றோடு ஒரு நேரசை சேர்ந்தால் காய், நிரையசை சேர்ந்தால் கனி. இனி ஊர்ப்பெயர்களைப் பிரியுங்கள். கண்/டி, அட்/டன் இரண்டும் தேமா. பது/ளை புளிமா. தே/யிலை கூவிளம். மலை/யகம் கருவிளம். மஸ்/கெலி/யா கூவிளங்காய். நுவ/ரெலி/யா கருவிளங்காய். தல/வாக்/கலை புளிமாங்கனி. பண்டாரவளை நான்கு அசை கொண்டது. ஆகவே அதற்கு இந்த வாய்பாடுகள் பொருந்தா. பஸ்ஸின் முன்புறப் பலகைகளைப் பார்த்து ஒரு வாரம் இப்படிப் பழகிய மாணவர்கள் அசையில் தடுமாறுவதில்லை.

அதன்பின் குறளுக்கு வரலாம். அக/ர, முத/ல, எழுத்/தெல்/லாம், ஆ/தி, பக/வன், முதற்/றே, உலகு. மாச்சீரை அடுத்து நிரையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரும் வருவதே வெண்டளை. மேலுள்ள ஏழு சீர்களில் அது எங்கும் பிழைக்கவில்லை என்பதை விரல்வைத்துச் சரிபாருங்கள். கடைசிச் சீர் ‘உலகு’ பிறப்பு என்னும் வாய்பாடு. ‘கொழுந்து’ என்பதும் வெண்பாவின் ஈற்றில் வந்தால் பிறப்புத்தான். முதலடியின் ‘அகர’வும் இரண்டாமடியின் ‘பகவன்’ உம் இரண்டாம் எழுத்தால் ஒத்துப்போவது அடியெதுகை. குறளின் முதலடி நான்கு சீர் கொண்டது, ‘ஆதி’யோடு முடிகிறது; ஆகவே ‘பகவன்’ இரண்டாமடியின் முதற்சீரே. அச்சில் ‘ஆதி பகவன்’ என்று ஒரே வரியில் போட்டுவிடும் பதிப்புகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

சிலப்பதிகாரத்துக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது அங்கே வந்திருந்தவர்களுள் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’ ஒருவன் என்று வரந்தரு காதை குறிப்பிடுகிறது. இவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகு எனக் கொண்டு, சங்ககால மன்னர்களின் காலத்தைக் கணித்தவர்கள் பலர். ஒரே ஒரு பெயரின்மீது இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பலாமா என்று ஐயுற்றவர்களும் உண்டு. இரு தரப்பையும் குறிப்பிட்டு எழுதும் விடையே நிறைவானது.

சிங்கள மரபிலும் கஜபாகுவே பத்தினி வழிபாட்டோடு தொடர்புபடுத்தப்படுகிறான். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்குரியது; எசல பெரஹராவில் அதன் ஊர்வலமும் சேர்ந்து செல்கிறது. கிழக்கிலே கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. 3 காண்டம், 30 காதை என்று மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், அடுத்தமுறை கண்டிக்குப் போகும்போது அந்தத் தேவாலயத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

சீதாஎலியாவைப் பார்த்தால் கம்பராமாயணம் விளங்குமா?

நுவரெலியாவுக்கும் ஹக்கலைக்கும் இடையே ஓடைக்கரையில் உள்ள சீதையம்மன் கோயிலை அசோகவனத்தோடு இணைத்துப் பேசுவது மக்கள் நம்பிக்கை. நம்பிக்கையை மதித்து வணங்கிவிட்டு வரலாம். கம்பரை விளங்கிக்கொள்ளக் கம்பரின் சொல்லிடம்தான் போக வேண்டும்.

அனுமன் இலங்கையிலிருந்து திரும்பி இராமனிடம் பேசும் முதற்சொற்களைப் பாருங்கள்: ‘கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்’. பேச்சு வழக்கின்படி ‘சீதையை’ என்று தொடங்கினால், அடுத்த சொல் வரும்வரை கேட்பவன் உயிர் ஊசலாடும். ஆகவே வினைமுற்று முன்னே வந்துவிடுகிறது. அடுத்து, பெயரைச் சொல்லாமல் ‘கற்பினுக்கு அணி’. இராமன் கேட்காமலிருக்கும் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பிறகு ‘கண்களால்’, செவிவழிச் செய்தியன்று, நேரிற் கண்டது. கண்களால் அல்லாமல் வேறு எதனால் காண்பது, இது மிகைச்சொல் அல்லவா என்று ஒரு மாணவி கேட்டார். மிகை என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பதே இலக்கியம் கற்கும் முறை.

கம்பரின் நூல் மொழிபெயர்ப்பன்று என்பதையும் மறவாதீர்கள். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பர் அவளைத் தீண்டவிடாமல், பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்கிறார்.

தேவாரமும் திருப்புகழும் கோயிலில் பாடுபவை அல்லவா? இலக்கியமா?

இரண்டும்தான். சம்பந்தர் திருக்கோணேச்சரத்துக்கும் திருக்கேதீச்சரத்துக்கும், சுந்தரர் திருக்கேதீச்சரத்துக்கும் பாடிய பதிகங்களில் கடலும் சோலையும் எப்படிக் காட்டப்படுகின்றன என்று பாருங்கள். அருணகிரிநாதரின் கதிர்காமத் திருப்புகழில் சந்தத்தைக் கைத்தாளத்தோடு எண்ணிப் பாருங்கள்.

காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பழைய இலக்கியத்தோடு சேர்த்துப் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் ஊன்றி, தப்பு முழங்க ரதியும் மதனும் ஆடி, சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிக்கப்படும் அந்தக் கதை, கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாக உள்ளது. அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவம் செய்த கதை, வில்லிபாரதத்தில் அருச்சுனன் தவநிலைச் சருக்கமாக உள்ளது. கூத்தில் தபசு மரத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டே ஒருவர் பாடுவதை இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்த பிள்ளைக்கு, வில்லிபுத்தூரார் புதியவர் அல்லர்.

ஆனால் கூத்துப் பாட்டு புராணத்தின் சுருக்கம் என்று எண்ணிவிடக்கூடாது. கூத்தில் ரதியின் புலம்பலுக்குக் கிடைக்கும் நேரமும் நீளமும் வேறு. அதைக் கேட்டு அழும் பெண்கள் அதில் தம் சொந்த இழப்பையும் சேர்த்தே கேட்கிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இந்தப் பாட்டுகள் நினைவிருந்தால், கேட்டு எழுதிக்கொண்டு படலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது நீண்டது, எது விடுபட்டது, யார் அதிகம் பேசுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளே ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைக்குப் போதும்.

பழந்தமிழ் இலக்கியத்தில் இலங்கையரின் பங்கு என்ன?

சங்கப் புலவர்களுள் ஈழத்துப் பூதந்தேவனார் என்பவர் ஒருவர். அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய தொகைகளில் அவர் பெயரால் 7 பாடல்கள் உள்ளன. 1310இல் தம்பதெனியவில் பராக்கிரமபாகுவின் அவையில் போசராச பண்டிதர் அரங்கேற்றிய சரசோதிமாலை சோதிட நூல். சிங்கள மன்னன் அவையில் தமிழ்ச் செய்யுள் நூல் அரங்கேறியது என்பது கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்தவர்களுள் ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் முதன்மையானவர்கள். கலித்தொகையைத் தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்தார்; அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார்.

பரீட்சையில் நயம் எழுதும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

‘இங்கு உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தை. எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தப் பாட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

குறுந்தொகை 40இல் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே’ என்று தலைவன் கூறுகிறான். ‘செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பிரிக்க முடியாதது போல’ என்று எல்லாரும் எழுதுவார்கள். பிழையில்லை, ஆனால் பாதிதான். பெருமழை நின்றபின் தேயிலை மலையின் கானில், அதாவது வடிகாலில், இறங்கி ஓடும் நீரைப் பாருங்கள். விழும்போது நிறமற்றிருந்தது, இப்போது மண்ணின் நிறம் அதற்கு. இறுகிக் கிடந்த மண்ணோ இளகி ஓடுகிறது. இரண்டில் ஒன்றும் முன்பிருந்தபடி இல்லை. பாட்டின் முன்பகுதி, என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எவ்வகை உறவு என்று, வானுக்கும் மண்ணுக்கும் உள்ள அளவு தொலைவை இருவருக்கிடையே வைக்கிறது. அந்தத் தொலைவிலிருந்து வந்து கலப்பதற்கு மழையைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. இப்படி எழுதியபின் ‘உவமையணி’ என்ற சொல்லை இடுங்கள். புலவரின் இயற்பெயர் தெரியாமற் போனதால், இந்தத் தொடரே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராயிற்று என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

புத்தகங்களுக்கு எங்கே போவது? தோட்டத்தில் நூலகம் இல்லை.

மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க நூல்கள், காப்பியங்கள், திருமுறைகள் ஆகியவற்றின் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பல நூல்களுக்கு உரையும் உண்டு. இலங்கையில் வெளியான நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. லயத்தில் அலைவரிசை நிலையாகக் கிடைக்காதவர்கள், நகரத்துக்கு வரும் நாளில் வேண்டிய பகுதியைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதிலும் சிறந்தது, ஒரு கொப்பியில் கையால் எழுதிக்கொள்வது: இடப்பக்கத்தில் மூலம், வலப்பக்கத்தில் சந்தி பிரித்த வடிவம், கீழே பொருள் தெரியாத சொற்கள். வாரத்துக்கு இரண்டு குறுந்தொகைப் பாடல்கள் என்று வைத்துக்கொண்டால், உயர்தரப் பரீட்சைக்கு முன் நூற்றைம்பது பாடல்களுக்கு மேல் அந்தக் கொப்பியில் சேர்ந்திருக்கும்.